காதில் வைத்துப் பார்க்காமல் வாங்கிய ஹெட்ஃபோன்

1. திரும்பி வந்த பெட்டி

ராமசுப்பு சார் அன்று செருப்போடு எங்கள் ரேடியோ கடைக்குள் ஏறிவிட்டார். வழக்கமாக வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, எங்கள் முதலாளி பொன்னுச்சாமி அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு போட்ட பிறகுதான் பேச்சையே தொடங்குவார். அன்று கும்பிடும் இல்லை. துண்டில் சுற்றிக் கொண்டுவந்த பெட்டியைக் கவுண்டரில் வைத்தார்.

"இத எடுத்துக்கிடுங்க. எனக்கு வேண்டாம்."

நான் சால்டரிங் அயர்னை ஸ்டாண்டில் சாய்த்துவிட்டு எழுந்து வந்தேன். பெட்டிக்குள் இருந்தது மூன்று வாரத்துக்கு முன்னால் நான் அவருக்குக் கொடுத்த ஹெட்ஃபோன்.

"என்ன சார், ஒரு பக்கம் கேக்கலயா?"

"ரெண்டு பக்கமும் நல்லாத்தான் கேக்கு. வேற ஒண்ணுமே கேக்க மாட்டேங்கு."

அண்ணாச்சி ஸ்டூலை இழுத்துப் போட்டார். சார் உட்காரவில்லை. நின்றபடியே, முந்தின நாள் மத்தியானம் நடந்ததைச் சொன்னார்.

அவருடைய மனைவி விசாலம் அம்மாவுக்கு அதற்கு முந்தின வருஷம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. கட்டில்தான் அவருக்கு எல்லாம். அன்று சாப்பாட்டுக்குப் பிறகு சார் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு வயலின் கேசட் ஒன்றைப் போட்டிருக்கிறார். அம்மா போர்வையை எட்டி எடுக்கப் பார்த்து, கட்டிலிலிருந்து கீழே விழுந்துவிட்டார். கூப்பிட்டிருக்கிறார். அந்தக் குரல் சாரை எட்டவில்லை. எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாது. பால் ஊற்ற வந்த பெண் புறவாசல் வழியாகச் சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்திருக்கிறாள்.

"அவ வந்து என் தோளைத் தொட்டா. திரும்பிப் பாக்கேன், விசாலம் தரையில கெடக்கா. நெத்தியில ரத்தம். என்னையே பாத்துக்கிட்டுக் கெடக்கா. நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து தாளம் போட்டுக்கிட்டு இருந்திருக்கேன் முத்து."

நெற்றியில் தையல் போட்டு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டதாகவும், பயப்படும்படி ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அண்ணாச்சி, "அதுக்குப் பதிலா வேற ஏதாவது எடுத்துக்கிடுங்க சார்" என்றார். சார் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினார். துண்டையும் மறந்து விட்டுவிட்டுப் போனார்.

2. அதைக் கொடுத்தவன்

தென்காசி கூலக்கடை பஜாருக்குப் பக்கத்துத் தெருவில் இருந்த அந்த ரேடியோ கடையில் நான் பதினெட்டு வருஷம் மெக்கானிக்காக இருந்தேன். எழுபதுகளில் பெரும்பாலும் வால்வு ரேடியோக்களும் கல்யாண வீட்டு ஆம்ப்ளிஃபயர்களும்தான் ரிப்பேருக்கு வரும். எண்பது பிறந்த பிறகு கடையநல்லூர்க்காரர்கள் வளைகுடாவிலிருந்து கொண்டு வந்த கேசட் டெக்குகள் வரத் தொடங்கின. ஊரில் வந்து இறங்கிய கையோடு அவர்கள் நேரே எங்கள் கடைக்குத்தான் வருவார்கள். அங்கேயுள்ள பிளக் வேறு, இங்கேயுள்ள பிளக் வேறு. மாற்றிக் கொடுக்க ஆள் வேண்டும்.

ராமசுப்பு சார் வனத்துறை ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். குற்றாலம் ரோட்டில் மேலகரத்தைத் தாண்டி வீடு. ஓய்வுப் பணத்தில் அவர் தனக்கென்று வாங்கிக்கொண்டது ஒரு ஸ்டீரியோ டெக்கும் இரண்டு ஸ்பீக்கரும் மட்டும்தான். விசாலம் அம்மாவுக்கு நோய் வந்த பிறகு ஸ்பீக்கர் சத்தம் ஆகவில்லை. மண்டைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று அழுதுவிடுவாராம். அதனால்தான் சார் ஹெட்ஃபோன் கேட்டு வந்தார்.

அப்போது கடையில் இருந்தது ஒன்றே ஒன்று. துபாயில் தையல் வேலை பார்த்த மைதீன் பாய் லீவில் வந்தபோது கொண்டு வந்தது. கனமான ரப்பர் மெத்தை வைத்து, பின்பக்கம் முழுக்க மூடிய கிண்ணம் மாதிரி இருக்கும். சாரின் காதில் அதை மாட்டிவிட்டு, பெருமையாக ஒன்று சொன்னேன். "சார், இதப் போட்டுட்டா வாசல்ல பஸ்ஸு போனாக்கூட உங்களுக்குத் தெரியாது."

சார் சிரித்தார். நானும் சிரித்தேன். வெளிச்சத்தம் உள்ளே வராமல் இருப்பதுதான் நல்ல ஹெட்ஃபோனுக்கு அடையாளம் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்திருந்தேன். வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். சத்தம் ஆகாது என்று அவரே சொன்னார். தெரிந்தும், படுத்திருப்பவரையும் இந்த ஹெட்ஃபோனையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்தப் பெட்டியை அண்ணாச்சி திரும்ப ஷோகேசில் வைக்கச் சொன்னார். நான் வைக்கவில்லை. என் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

3. இடது கை எழுத்து

ஒரு மாதம் கழித்துப் பால்காரப் பெண் ஒரு துண்டுச் சீட்டைக் கொண்டு வந்தாள். எழுத்து கோணல் மாணலாக இருந்தது. 'முத்து வரவும். டெக் ரிப்பேர்.' விசாலம் அம்மா இடது கையால் எழுதியது.

நான் பையில் டூல்ஸை எடுத்துக்கொண்டு போனேன். சார் வீட்டில் இல்லை. டெக்கின் மேல் துணி போர்த்தியிருந்தது. ஆன் செய்து பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது.

"ரிப்பேர் ஒண்ணும் இல்ல" என்றார் அம்மா கட்டிலிலிருந்து. குரல் மெல்லியதாக, ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "அவரு வெளிய போயிருக்கும்போது உன்னப் பாக்கணும். அதான்."

அம்மா தென்காசி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தைந்து வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். எனக்கு அது தெரிந்ததே அன்றைக்குத்தான்.

"உன் கடை ஹெட்ஃபோனு மாதிரி நானும் மாட்டியிருக்கேன். ஆனா எங்களுக்கு ஒரு காதுலதான். இன்னொரு காது வெறுமன இருக்கணும். சூப்பர்வைசர் கூப்பிட்டா கேக்கணும்லா?" மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். "நான் விழுந்த நாள்ல இருந்து அவரு பாட்டே கேக்கல. எதுக்கால நாற்காலியப் போட்டு உக்காந்துக்கிட்டு என்னையே பாக்காரு. காலையில இருந்து பொழுதடையுத வரைக்கும். இருமினா எந்திக்காரு. புரண்டா எந்திக்காரு. எனக்குத் தாங்கல முத்து. அவரு பாட்டு கேக்கணும். நான் கூப்பிட்டாலும் கேக்கணும். அப்படி ஒண்ணு உண்டா?"

"கையில ஒரு சுவிட்ச் கொடுத்து, அவருக்கு முன்னால பல்பு எரியுத மாதிரி..."

"அவரு கண்ணை மூடிக்கிட்டுல்லா கேப்பாரு. அதோட நான் விழும்போது சுவிட்ச்சையும் பிடிச்சுக்கிட்டா விழுவேன்?"

"ஒரு காதை மட்டும் மூடிக்கிட்டுக் கேட்டா?"

"சொல்லிப் பாத்தேன். வயலின் ஒரு பக்கம் மிருதங்கம் ஒரு பக்கம்னு வருதாம். ஒரு காதை எடுத்துட்டா ஒரு ஆளை எழுப்பி வெளிய அனுப்பிச்ச மாதிரி இருக்குதாம்."

அந்த நேரத்தில் சார் காய்கறிப் பையோடு உள்ளே வந்துவிட்டார். என்னையும் துணி விலக்கிய டெக்கையும் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இந்தப் பேச்சு இனிமே இந்த வீட்டுல வேண்டாம் முத்து. ஒருக்க பட்டது போதும்."

"ஏங்க" என்றார் அம்மா. "நீங்க என்னையே பாத்துக்கிட்டு இருந்தா எனக்கு மூச்சு முட்டுது."

சார் பையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். நான் டூல்ஸை எடுத்துக்கொண்டு, "பாத்துச் சொல்லுதேன்" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிவிட்டு வந்தேன்.

4. துளை போட்டுப் பார்த்தது

அண்ணாச்சி எப்போதோ மொத்தமாக வாங்கிப் போட்ட வெளிநாட்டு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகைகள் பரணில் கிடந்தன. அவற்றில் ஒன்றில் 'ஓப்பன் பேக்' ஹெட்ஃபோன் பற்றி ஒரு பக்கம் இருந்தது. கிண்ணத்தின் பின்பக்கம் அடைக்காமல், சல்லடை மாதிரி கம்பி வலை போட்டுத் திறந்து விட்டிருப்பார்கள். காற்று உள்ளேயும் வெளியேயும் போய் வரும். பாட்டு மண்டைக்குள் அடைபடாமல் முன்னால் ஆள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருக்கும் என்றும், வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்பவர்களுக்கு ஏற்றது என்றும் போட்டிருந்தது. வெளிச்சத்தம் உள்ளே வரும் என்பதை ஒரு குறையாக எழுதியிருந்தார்கள்.

குறை என்று போட்டிருந்ததுதான் எனக்கு வேண்டியது.

தென்காசியில் அப்படி ஒன்று யாரிடமும் இல்லை. திருநெல்வேலியில் தெரிந்த இரண்டு கடையில் விசாரித்தேன். அங்கே பெயரே கேள்விப்பட்டதில்லை. அதனால் மேஜைக்கு அடியில் கிடந்த பெட்டியை வெளியே எடுத்தேன். கிண்ணத்தின் பின்பக்கம் ஸ்க்ரூவைக் கழற்றி, சிறிய டிரில் பிட்டால் வரிசையாகத் துளை போட்டேன்.

அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "ஏலே, புதுசுலே அது! கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"இத இனிமே யாருக்கும் விக்கமாட்டேன் அண்ணாச்சி."

அவர், "தூசி உள்ள போகாமப் போடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மேலகரம் போனேன். சார் இந்தத் தடவை மறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டார். எவ்வளவு சத்தம் வைத்துக் கேட்பாரோ அந்த அளவுக்கு வைக்கச் சொன்னேன். பிறகு அம்மாவிடம், "எப்பவும் கூப்பிடுத மாதிரிக் கூப்பிடுங்கம்மா" என்றேன்.

"சும்மா எப்படிக் கூப்பிடுதது? வெக்கமா இருக்கு."

"பரிச்சைக்குத்தானம்மா."

அம்மா கொஞ்சம் யோசித்தார். பிறகு அந்த மெலிந்த குரலில், எக்ஸ்சேஞ்சில் சொல்லிப் பழகியபடி இங்கிலீஷில், "நம்பர் ப்ளீஸ்" என்றார்.

சார் கண்ணை மூடியபடி இருந்தார். அம்மா மறுபடியும், "நம்பர் ப்ளீஸ்." மூன்றாவது தடவை சொன்னபோது சார் கண்ணைத் திறந்து திரும்பினார். "இப்ப என்ன சொன்ன?" என்று கேட்டுவிட்டு, புரிந்ததும் அப்படிச் சிரித்தார். அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஆனால் நாகஸ்வரக் கேசட்டைப் போட்டபோது அம்மா எத்தனை தடவை கூப்பிட்டும் சாருக்குக் கேட்கவில்லை. துளை மட்டும் போதாது. அவர் வைக்கிற சத்தமும் குறைய வேண்டும், நாற்காலியும் கட்டிலைப் பார்த்துத் திரும்ப வேண்டும். படிப்படியாகக் குறைத்து, முதல் தடவையிலேயே அம்மாவின் குரல் கேட்கிற இடத்தில், வால்யூம் குமிழுக்குப் பக்கத்தில் சிவப்புப் பெயிண்டால் ஒரு புள்ளி வைத்தேன்.

சார் ஹெட்ஃபோனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கூப்பிட்டா கேக்கு. ஆனா முத்து, நீ துளை போட்டதுல பாட்டு செத்துப் போச்சே" என்றார். உண்மைதான். மூடி வைப்பதற்கென்று செய்ததைத் துளைத்தால் கனத்த அடிச்சத்தம் எல்லாம் ஓடிவிடும். திறந்திருப்பதற்கென்றே செய்தது வேண்டும்.

"ஒண்ணு சொல்லணும்மா" என்றேன் அம்மாவிடம். "வெளிய உள்ள சத்தம் உள்ள வரும்னா, உள்ள உள்ளதும் வெளிய வரும். உங்களுக்கு ஆகுமான்னு தெரியல."

"எவ்வளவு வரும்?"

"அதத்தான் சொல்லத் தெரியல. கையில இருந்தாத்தான தெரியும்."

"தெரியாம எப்படி வாங்குவ?"

"தெரியாமத்தான் வாங்கணும்."

அம்மா ஒரு தடவை கூரையைப் பார்த்தார். "வாங்கு" என்றார்.

5. துபாய்க்குப் போன கடிதம்

மைதீன் பாய்க்கு எழுதினேன். கடையில் போய் மாட்டிப் பார்த்து வாங்கச் சொன்னேன். பதிலில், 'அண்ணே, இங்கன பெட்டியப் பிரிக்கவே விடமாட்டான். காதுல வச்சத வேற ஆளு வாங்கமாட்டாங்களாம். வாங்கினப்புறம் வச்சுப் பாருன்னு சொல்லுதான். நீங்க எதுன்னு சொன்னா அத வாங்குதேன்' என்று எழுதி, கடைக்காரன் கொடுத்த புத்தகத்திலிருந்து மூன்று பக்கத்தைக் கிழித்து வைத்திருந்தார். மூன்றிலும் பின்பக்கம் வலை போட்ட ஹெட்ஃபோன் படம்.

அந்த மூன்று காகிதத்தை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் யோசித்தேன். காதால் முடிவு செய்ய வேண்டியதைக் கண்ணால் முடிவு செய்ய வேண்டும்.

முதலாவதன் மின்தடை இரண்டாயிரம் ஓம். ஓம் கூடக் கூட அதை ஓட்ட டெக்கிலிருந்து அதிக வோல்டேஜ் வேண்டும். சாரின் டெக்கில் மீட்டர் வைத்துப் பார்த்திருந்தேன், அதற்குப் பத்தாது. அதைத் தள்ளினேன்.

இரண்டாவது அறுநூறு ஓம். காதை முழுதாக மூடுகிற பெரிய வட்டம். பத்திரிகையில் புகழ்ந்திருந்ததும் கிட்டத்தட்ட இதே வகைதான். படத்தைப் பார்த்ததுமே சாருக்கு அதன்மேல் கண் விழுந்துவிட்டது. "சங்கீதத்துக்கு இதுதான்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் டெக் அதை முக்கி முனகித்தான் ஓட்டும். எடையும் கூட. சார் மூக்குக் கண்ணாடி போடுபவர். அந்த மெத்தை கண்ணாடிக் கம்பியைக் காதோடு சேர்த்து அழுத்தும்.

மூன்றாவது முப்பத்தைந்து ஓம். எடை குறைவு. மெல்லிய ஸ்பாஞ்சு காதின்மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பார்வைக்கு எளியது. பாட்டு எப்படி இருக்குமோ தெரியாது. ஆனால் காதைச் சுற்றி எதுவும் அடைக்காது.

நான் மூன்றாவதன் படத்தில் வட்டம் போட்டு அனுப்பினேன். சாருக்கு வருத்தம். என்னிடம் நேராகச் சொல்லவில்லை. "வாங்கப் போறது ஒருக்க. நல்லதாப் பாத்து வாங்கக் கூடாதா?" என்று அண்ணாச்சியிடம் கேட்டதாகப் பிறகு அறிந்தேன். பெட்டி வந்து சேரும் வரை எனக்கும் நிம்மதி இல்லை. ஒரு தடவை தப்பான ஹெட்ஃபோனைக் கொடுத்தவன் நான். இரண்டாவதும் தப்பாகிவிட்டால் அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்க முடியாது.

6. வந்த பிறகு

மைதீன் பாய் தன் ஊர்க்காரர் ஒருவர் வரும்போது அவரிடம் பெட்டியைக் கொடுத்துவிட்டிருந்தார். குற்றாலத்தில் சாரல் தொடங்கிய நேரம். பையில் நனையாமல் கொண்டுபோனேன்.

சார் மாட்டிக்கொண்டார். புள்ளி வைத்த இடத்தில் வால்யூம். அதே வயலின் கேசட். இரண்டு நிமிஷம் அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு, "மிருதங்கத்துல தொப்பி கொஞ்சம் கம்மி" என்றார். இடது பக்கத்துக் கனத்த நாதத்தைச் சொன்னார். இன்னும் கொஞ்சம் கழித்து, "வயலின்காரன் மண்டைக்கு வெளிய உக்காந்து வாசிக்கான்" என்றார். கை தொடையில் தாளம் போடத் தொடங்கியது.

நான் அம்மாவைப் பார்த்தேன். புருவம் சுருங்கியிருந்தது.

"கேக்குதாம்மா?"

"கொசு பாடுத மாதிரி வருது."

"தலை வலிக்கா?"

அம்மா ஒரு முழுப்பாட்டு முடியும் வரை பொறுத்துப் பார்த்தார். "கொசுவோட இருந்துக்கிடலாம்" என்றார். பிறகு, சாதாரணக் குரலில், "ஏங்க" என்று கூப்பிட்டார்.

"என்ன விசாலம்?" சார் அந்த நொடியே திரும்பினார்.

"ஒண்ணுமில்ல. நீங்க கேளுங்க."

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். குற்றால சீசன் நேரத்தில் ரோட்டில் போகிற வண்டிச் சத்தமும் கடைக்காரர்கள் போடுகிற ஸ்பீக்கரும் பாட்டோடு கலந்து வரும். சார் அதற்கு எரிச்சல் படுவார். தலைவலி கூடுகிற நாளில் அம்மா இடது கையைத் தூக்கினால் போதும், டெக்கை நிறுத்திவிடுவார். நாகஸ்வரக் கேசட்டுகளை அவர் அந்த வீட்டில் அதற்குப் பிறகு போடவே இல்லை.

அடுத்த வருஷம் சார் ஸ்பாஞ்சு மாற்ற வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் ஏறினார். "போன வாரம் கஞ்சி குடிக்கும்போது புரை ஏறி அவளுக்கு மூச்சே நிக்கப் பாத்துது. நான் பாட்டுல இருந்தேன். அவ செருமினது எனக்குக் கேட்டுது முத்து" என்றார். அந்த அறுநூறு ஓம் பற்றி அதற்குப் பிறகு பேச்சில்லை. விசாலம் அம்மா அதற்கப்புறம் நான்கு வருஷம் இருந்தார்.

7. கேட்க வேண்டிய கேள்வி

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ஓம், வாட் எல்லாம் சீக்கிரம் படித்துக்கொள்வார்கள். எனக்கும் அவையெல்லாம் தெரிந்துதான் இருந்தன. பொருளைக் காதில் வைத்துப் பார்க்காமல் வாங்கித்தர ஒருவனால் முடியும். வீட்டைப் பற்றிக் கேட்காமல் வாங்கித்தர முடியாது. அதன் பிறகு ஹெட்ஃபோன் கேட்டு யார் வந்தாலும், எந்தச் சத்தம் வேண்டாம் என்று கேட்பதற்கு முன்னால், எந்தச் சத்தம் காதில் விழாமல் போய்விடக் கூடாது என்று தெரிந்துகொள்ளப் பார்ப்பேன். அதை நேராகக் கேட்டால் ஆட்களுக்குப் புரியாது. அதனால் வேறு மாதிரிக் கேட்பேன்.

எண்பதுகளின் கடைசியில் கீழப்பாவூரிலிருந்து ஒருவர் வந்தார். மிளகாய் வத்தல் வியாபாரி, என் வயதுதான் இருக்கும். ஷோகேசில் இருந்த மூடிய வகைப் பெட்டியை எடுக்கச் சொல்லி, உள்ளே இருந்ததை மாட்டிப் பார்த்து, அதுதான் வேண்டும் என்று முடிவே பண்ணிவிட்டார்.

"வீட்டுல யாரு யாரு இருக்காங்க?" என்றேன்.

"என்னவே இது, நான் ஹெட்ஃபோன் வாங்க வந்தேனா, ரேஷன் கார்டுக்கு எழுதிக் குடுக்க வந்தேனா?"

"சும்மா சொல்லுங்களேன்."

"நானும் வீட்டுக்காரியும்தான். வேற ஆளு கெடையாது. அவளுக்கும் இப்ப ஒம்பதாம் மாசம், எந்நேரமும்..." என்று தொடங்கியவர், நிறுத்திக்கொண்டார்.

காதில் மாட்டியிருந்ததைக் கழற்றினார். பெட்டிக்குள் வைத்து, மூடியை ஒழுங்காக மூடி, கவுண்டரில் என் பக்கமாகத் தள்ளினார்.

"வேற எது இருக்கு, காட்டும்" என்றார்.